வேலூர் வெயில்ல பழைய விஸ்கி பாட்டில் சேத்து வைக்கலாமா?

சத்துவாச்சாரிவாசி:
துபாய்ல இருக்கற மச்சான் லீவுக்கு வரும்போதெல்லாம் டியூட்டி ஃப்ரீல லிமிடெட் எடிஷனா பாத்து வாங்கியாராரு, நான் ஒண்ணுத்தையும் ஒடைக்காம பீரோல வச்சிகினு வரேன், வீட்ல எல்லாரும் திட்டுறாங்க. 2023ல மெக்காலன் 1926ங்கற ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டில் ஒண்ணு லண்டன் ஏலத்துல நம்ம காசுக்கு 20 கோடிக்கு மேல போச்சே, வச்சிருந்தா மதிப்பு ஏறும் தானே?

குடியாத்தத்தான்:
ஏம்பா, அது 60 வருசம் மரப்பீப்பால ஊறுன சரக்கு, 1986ல மொத்தமே 40 பாட்டில் தான் ரொப்புனாங்க, அதுக்குத்தான் அந்த வெல. டியூட்டி ஃப்ரீல லிமிடெட்னு போட்டு ஆயிரக்கணக்குல விக்கிறாங்க. கண்ணாடிக்குள்ள போய்ட்டா வயசு ஏறாது, 12 வருச சரக்க நீ இன்னும் 30 வருசம் பூட்டி வச்சாலும் 12 வருச சரக்கு தான். ஒடைச்சி நாலு பேரோட குடி.

சத்துவாச்சாரிவாசி:
வயசு ஏறாதுன்னு தெரியும்ணா. ஸ்காட்லாந்துல போர்ட் எல்லன், ப்ரோரான்னு விஸ்கி வடிக்கற ரெண்டு டிஸ்டில்லரியும் 1983ல மூடிட்டாங்க, இப்ப திரும்பத் தொறந்தாச்சு, ஆனா அன்னிக்கி வடிச்சது இனிமே வராது இல்ல? அந்த மாதிரி ஒண்ணு கையில இருக்கணும்னு தான் ஆசையே. எல்லாரும் குடிச்சே தீத்துட்டா அப்புறம் எது மிஞ்சும்?

காட்பாடி ஜங்ஷன்:
ஆசை சரி, எங்க வைக்கிறீங்க? மே மாசம் இங்க 40 டிகிரி தாண்டுது, மொட்டமாடிக்குக் கீழ ரூம்னா ராத்திரியும் சூடு எறங்காது, கார்க் காஞ்சி சுருங்கி சரக்கு கொஞ்சம் கொஞ்சமா ஆவியா போயிடும். ஒயின் மாதிரி படுக்க வச்சிடாதீங்க, விஸ்கில இருக்கற ஆல்கஹால் கார்க்கையே அரிச்சிடும், நிக்க வச்சி வெளிச்சம் படாம வைங்க. இன்னொண்ணு, 2018ல ஸ்காட்லாந்து லேப்ல 55 அபூர்வ பாட்டில டெஸ்ட் பண்ணதுல 21 போலி. நெட்ல யாரோ போர்ட் எல்லன்னு சொல்லி வித்தா பணத்த கொட்டிடாதீங்க.

குடியாத்தத்தான்:
அது மட்டுமா, நாளைக்கு யார்கிட்ட விப்ப? தமிழ்நாட்டுல சில்லற வியாபாரம் டாஸ்மாக் கையில, லைசன்ஸ் இல்லாம ஒரு பாட்டில் வித்தாலும் கேஸ் தான், வீட்ல வச்சிக்கவே அளவு இருக்கு. விக்க முடியாத பொருள முதலீடுன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல.

சத்துவாச்சாரிவாசி:
முதலீட்டு பேச்ச விட்டுடறேன்ணா, ஆனா ஒடைக்க மாட்டேன். பீரோவ கீழ் ரூமுக்கு மாத்திடறேன். 2004ல கிளாஸ்கோல மொதமொத எறக்குன பெங்களூர் அம்ருத் கம்பெனியோட சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரில மால்ட் பார்லில வடிச்ச விஸ்கி), அந்த முதல் பேட்ச் பாட்டில் யார்கிட்டயாவது இருக்கா? காலியா இருந்தாலும் போட்டோ போடுங்க.