சம்பள நாள் ஜெபம்

மருத்துவமனையிலும் கடன் நெருக்கடியிலும் கர்த்தரைத் தேடிய அனுபவங்களை இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். வாசித்தபோது கண் கலங்கியது. நான் சொல்ல நினைப்பது, ஒரு குறையும் இல்லாத நாளில் அவரை நினைக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில். 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் சபையில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை செய்து ஓய்வு பெற்ற அங்கிள் ஒருவர் இருக்கிறார். ஒரு சம்பள நாளன்று அவர் வீட்டில் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் மகன், சம்பளச் சீட்டை வேதாகமத்தின்மேல் வைத்தார். அப்புறம் அந்த மாதம் கர்த்தர் செய்ததில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உயரத்திலிருந்து சரிந்த குலை தோளுக்குப் பக்கத்தில் விழுந்தும் அடிபடாமல் தப்பியதை மகன் சொன்னார். "கணக்குச் சோதனையில பயமே வரல தாத்தா" என்றாள் பேத்தி. யாரும் எதையும் கேட்டு ஜெபிக்கவில்லை. ஸ்தோத்திரம் மட்டும்தான்.

ஏன் சம்பள நாளில் என்று அங்கிளிடம் கேட்டேன்.

"மழையில மரப்பட்டை நனைஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலியும் இல்ல. அப்போ தோட்டத்து லயத்து வீடுகள்ல ஜெபிக்காத ஆளே கிடையாதும்மா. சம்பளம் போட்ட அன்னைக்குப் பார்த்தா கள்ளுக்கடையிலதான் கூட்டம். அதைப் பார்த்துட்டு எங்கப்பா ஆரம்பிச்ச பழக்கம் இது."

வேதாகமத்தில் உபாகமம் 8-ஆம் அதிகாரத்தைப் பல தடவை வாசித்திருக்கிறேன். 40 வருஷம் வனாந்தரத்தில் வானத்திலிருந்து கர்த்தர் தந்த மன்னாவைச் சாப்பிட்ட இஸ்ரவேல் ஜனங்களிடம், வயிறு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகும்போது கர்த்தரை மறந்துவிடாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் மோசே. எல்லாம் என் கைப்பெலத்தால் வந்தது என்ற எண்ணம் அப்போதுதான் தலைதூக்கும் என்று 17-ஆம் வசனத்தில் வருகிறது. மோசே யாரை எண்ணி அப்படிச் சொன்னார் என்பது அந்தச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடுகளைத்தான்.

இப்போது எங்கள் வீட்டிலும் சம்பள நாளில் இப்படி உட்காருகிறோம். மூத்தவன் ஜொகூரில் வேலை செய்வதால் வீடியோ காலில் வருகிறான். இரவு ஷிப்ட் என்றால் அதுவும் முடிவதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளை நீங்கள் எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.