தாராவித் தங்கையின் நிஃப்ட் உதவித்தொகை: சாதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் வழிகாட்டுங்கள்

உறவுகளே, வணக்கம். தாராவித் தங்கை ஒருத்திக்கு நவி மும்பை கார்கரில் உள்ள நிஃப்டில் (மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி) ஃபேஷன் டிசைன் கிடைத்திருக்கிறது. எஸ்சி பிரிவு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள். எஸ்சி மாணவர்களுக்கான மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' உதவித்தொகைக்கான கல்லூரிகளில் நிஃப்டும் உண்டு என்பதால் முதலாண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

சிக்கல் சாதிச் சான்றிதழில்தான். அப்பா திருநெல்வேலிக்காரர், பெண் பிறந்தது மும்பையில். அப்பாவின் சான்றிதழை வைத்து, இடம்பெயர்ந்தோருக்கான தனிப் படிவத்தில் இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் தரலாம். ஆனால் அப்பாவிடம் இருப்பது பழைய தாள். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் தாலுகா பெயரே அழிந்துவிட்டது. முதலில் ஊரில் புது நகல் எடுக்க வேண்டுமா? மும்பையில் இப்படி வாங்கியவர்கள் எந்த அலுவலகம், என்னென்ன தாள்கள், எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் பலருக்கும் வரும் தொல்லை. மதிப்பெண் பட்டியலில் பெயரோடு இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். தேசிய உதவித்தொகை தளத்தில் பதியும் முன் எதைத் திருத்துவது சுலபம்?

வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்தால் மட்டும் போதாது, என்பிசிஐ (தேசியப் பணப்பட்டுவாடா கழகம்) பதிவில் ஏற வேண்டும். அதை முடித்தாயிற்று.

பழைய தையல் மெஷின், வெட்டிப் பழக காடா துணி இருந்தாலும் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். சான்றிதழ் படங்களை மட்டும் தயவுசெய்து இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.