வளவுல மாட்டின 'மூன்று பெண்கள்' படம்

கேள்வி: காரைக்குடி வீட்டு வளவுல (உள் முற்றத்துல) வரிசையா ரவிவர்மா பிரிண்ட் இருக்கு, அதுக்குப் பக்கத்துல அம்ரிதா ஷெர்கில் 1935ல வரைஞ்ச 'மூன்று பெண்கள்' பிரிண்ட் மாட்டினேன், அப்பத்தா பாத்துட்டு "சிரிப்பே இல்லையே, யாரு வீட்டுப் புள்ளைகப்பா"ங்கிறாங்க, என்ன சொல்றது?

தேவகோட்டைக்காரன்: சரியாத்தான் கேட்டிருக்காங்க. ரவிவர்மா லட்சுமின்னா சரிகை, நகை எல்லாம் மின்னும், இதுல துணி தட்டையான நிறமா நிக்குது, பின்னாடி வீடு, மரம் ஒன்னும் கிடையாது, ஒருத்தி கண்ணும் நம்மளப் பாக்காது. அம்ரிதா பாரிஸ்ல படிச்சுட்டுத் திரும்பின புதுசுல வரைஞ்சது. அசல் டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்துல இருக்கு.

பள்ளத்தூர் ஆச்சி: மடியில கிடக்கிற அந்தக் கையப் பாருங்க தம்பி. எதையோ காத்துக்கிட்டிருக்கிற கை. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், எடுத்துறாதீங்க.

கேட்டவர்: கையக் காட்டினேன் ஆச்சி. ரொம்ப நேரம் பாத்துட்டு, "கல்யாணத்துக்கு முந்துன நாள் நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன்"னாங்க. படம் அங்கயே இருக்கு.