மெஸ் மிச்சமும் பக்கத்து ஊர்க் கண்மாயும்: எதில் கைவைப்பது?

விடுதிவாசி:
வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, ஏன் என்பது படித்தால் புரியும். இந்த வருடம் மெஸ் கமிட்டியில் இருக்கிறேன், என்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கிறேன், அதனால் வளாகத்தில் யார் சுற்றுச்சூழல் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் வேலை என் தலையில்தான் வந்து விழுகிறது. இரண்டு விடுதியும் சேர்த்து சுமார் 1,100 பேர் சாப்பிடுகிறோம்.

இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். போன வருடம் கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருவதற்கு முன்னால் 300 கன்றுகள் நட்டோம், ஒவ்வொன்றுக்கும் நட்டவர் பெயரோடு ஒரு தகரப் பலகை. மே மாதம் விடுதியை மூடினார்கள், மோட்டாரையும் நிறுத்தினார்கள். ஜூன் கடைசியில் திரும்பி வந்து பார்த்தால் பலகைகள் எல்லாம் நன்றாக இருந்தன. அப்புறம் மஞ்சப்பைப் பேரணி ஒன்று நடத்தினோம். பக்கத்து ஊருக்குள் கோஷம் போட்டுக்கொண்டே போனோம், முடிந்ததும் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் கப்பில். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "பை எங்ககிட்ட இருக்குய்யா, மொதல்ல உங்க காலேஜு சாக்கடைய நிறுத்துங்க" என்றார். இரண்டு மாதமாக அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாட்டி சொன்னது உண்மைதான். கழிவுநீரைச் சுத்திகரிக்க நிலையம் இருக்கிறது, குழு வரும் வாரம் ஓடும். மற்ற நாளில் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு குழாய், அதிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து அவர்கள் ஊர்க் கண்மாய். மெஸ் மிச்சம் தினமும் நீல டிரம்மில் ஏறிப் போகிறது, எங்கே போகிறதென்று கமிட்டியில் இருக்கிற எனக்கே தெரியாது.

ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், ஒரு செமஸ்டர் இருக்கிறது, காசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பயோகாஸ் போடு என்கிறார் ஒருவர், கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடு என்கிறார் இன்னொருவர். நிஜமாகப் பலன் தருவது எது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வார்டன்:
தம்பி, நான் 22 வருடம் விடுதியில் குப்பை கொட்டியவன், இரண்டு அர்த்தத்திலும். பயோகாஸ், காடு எல்லாம் இருக்கட்டும், முதலில் ஒரு தராசு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் மூட்டை நிறுப்பார்களே, அந்த மாதிரி தொங்கும் தராசு போதும்.

மூன்று பக்கெட் வையுங்கள். காய்கறித் தோல் ஒன்றில், சமைத்துப் பரிமாறாமலே மிஞ்சியது ஒன்றில், தட்டிலிருந்து வழித்துப் போடுவது ஒன்றில். இந்த மூன்றும் வேறு வேறு வியாதி, ஒரே டிரம்மில் கொட்டிவிட்டால் எந்த வியாதி என்று தெரியாது. எங்கள் விடுதியில் வெள்ளிக்கிழமை இரவு பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், ஆனால் சமையல் மாஸ்டர் முழு எண்ணிக்கைக்குத்தான் உலை வைப்பார், ஏனென்றால் சோறு பற்றவில்லை என்றால் திட்டு வாங்குவது அவர். வியாழன் இரவே சாப்பாட்டு வரிசையில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, நாளைக்கு இல்லாதவர்கள் அறை எண்ணை எழுதுங்கள் என்றோம். அவ்வளவுதான். அந்த நோட்டு செய்த வேலையை எந்தச் சுவரொட்டியும் செய்யவில்லை. தட்டில் மிஞ்சுவது வேறு கதை, அது பெரும்பாலும் சமையலின் குற்றம். குழைந்த உப்புமாவைப் போட்டுவிட்டு "உணவை வீணாக்காதே" என்று பலகை வைத்தால் எவன் மதிப்பான்?

எடை எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் மொத்தக் கழிவு உண்டாக்குபவர் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். மக்கும் குப்பையை முடிந்தவரை தன் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. 1,100 பேர் என்றால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். எடை நோட்டோடு பதிவாளர் அறைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மிஞ்சியதை உரமாக்க இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டி போதும். சாம்பார் சாதத்தைத் தண்ணீர் வடியவிட்டு, ஒரு பக்கெட்டுக்கு இரண்டு பக்கெட் காய்ந்த சருகு போட்டுக் கிளறுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் சருகு பற்றவில்லை என்று அர்த்தம். வளாகத்தில் காலையில் சருகைக் கூட்டிக் கொளுத்துவார்களே, அதை நிறுத்தினாலே சருகு கிடைத்துவிடும். மண்புழு இப்போது வேண்டாம், உப்பும் எண்ணெயும் புளியும் அதற்கு ஆகாது.

பயோகாஸ் கெட்டது என்று சொல்லவில்லை. 100 கிலோ மிச்சத்தில் 8 முதல் 10 கனமீட்டர் வாயு வரும், ஏறக்குறைய 4 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம், அதாவது 19 கிலோ சிலிண்டர் ஒன்று நாலைந்து நாளில் மிச்சம். ஆனால் மே மாதம் விடுதியை மூடினால் கலனுக்கும் பட்டினி. ஜூலையில் மறுபடி சாணி கரைத்து ஊற்றி உயிர் கொடுப்பது யார்? அந்த ஆள் இருந்தால் போடுங்கள்.

கண்மாய்க்கரை:
டிரம் எங்கே போகிறதென்று தெரியாதாமே. எங்கள் ஊருக்கு வருகிறது தம்பி. நீங்கள் வேறு ஊராக இருக்கலாம், எனக்குத் தெரிந்து கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிற எல்லா ஊருக்கும் இதே கதைதான்.

எங்கள் ஊரில் பன்றி வளர்ப்பவர் ஒருவர் தினமும் விடியற்காலை டிரம்மை எடுத்து வருவார். ஒப்பந்தக்காரருக்கு அதற்கு மாதாமாதம் காசும் கொடுக்கிறார். நீங்கள் பாட்டுக்கு உரத்தொட்டி கட்டி மிச்சம் முழுவதையும் அதில் போட்டுவிட்டால் அவர் பன்றிக்கு என்ன போடுவார் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதை உரமாக்குவதைவிட உயிருள்ள ஒன்று தின்பது மேல். பிரச்சினை மிச்சம் இல்லை, மிச்சத்துக்குள் கிடப்பதுதான்: தயிர் கப், பால் கவர், ஸ்பூன், டிஷ்யூ, ஒருமுறை செல்போன் சார்ஜர்கூடக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா மாட்டுக்குக் கழனித்தண்ணிக்கென்று இரண்டு குடம் வாங்குவார். கல்லூரி ஆண்டு விழாவுக்கு மறுநாள் சோறு நிறைய வந்தது, ஆசையில் அள்ளி வைத்துவிட்டார், மாடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மாட்டுக்குச் சோறு அதிகமானால் விஷம் என்று கால்நடை மருத்துவர் வந்து சொன்னபிறகுதான் தெரியும்.

கண்மாய்க்கு வருகிறேன். சித்திரையில் சுற்றுவட்டாரக் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடக்கும், எங்களுடையது மட்டும் பச்சைப் பசேல் என்றிருக்கும். வெளியூர்க்காரர் பார்த்தால் என்ன செழிப்பு என்பார். அத்தனையும் ஆகாயத்தாமரை, உங்கள் சாக்கடையைக் குடித்து வளர்ந்தது. ஊராட்சியில் மீன் குத்தகை எடுத்தவர் போன வருடம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கரை ஓரமெல்லாம் கெண்டை மீன் வெள்ளையாய் மல்லாந்து கிடந்தது. அவருக்கு யார் பதில் சொன்னார்கள்?

கேம்ப் என்று ஏழு நாள் வருவீர்கள், கோயில் வாசலைக் கூட்டுவீர்கள், எங்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவீர்கள். உங்கள் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுவது எங்கள் ஊர்ப் பெண்கள், தோட்டத்தில் சருகைக் கூட்டுவது எங்கள் ஊர் ஆட்கள். உங்கள் வளாகத்தில் எந்தக் குழாய் எங்கே போகிறதென்று துணைவேந்தரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுத்து.

ஒயர்மேன்:
கண்மாய்க்கரை அண்ணன் கோபம் நியாயம். அந்தக் கழிவுநீர் நிலையம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், இரண்டு கல்லூரிகளில் அந்த வேலை பார்த்தவன்.

குழு வரும்போது மட்டும் ஓட்டுவது என்பது கண்துடைப்புகூட இல்லை. தொட்டிக்குள் அழுக்கைத் தின்பது கிருமிகள், அவற்றுக்குக் காற்று வேண்டும், காற்றை ஊதுவது புளோயர். கரண்ட் பில் ஏறுகிறதென்று புளோயரை சில நாள் நிறுத்தினாலே கிருமி செத்துத் தண்ணீர் கறுத்துவிடும். மறுபடி சுவிட்சைப் போட்டால் சத்தம்தான் வரும், கிருமி தேறி வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் நீங்கள் போனால் பேப்பரைப் பார்க்காதீர்கள். புளோயர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள், ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். காற்றுத் தொட்டியில் ஒரு லிட்டர் மொண்டு கண்ணாடி ஜாடியில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். பழுப்பு நிறத்தில் சேறு கீழே படிந்து மேலே தண்ணீர் தெளிந்தால் நல்லது. படியவே இல்லை, கறுப்பு, முட்டை நாற்றம் என்றால் நிலையம் செத்துவிட்டது.

நிர்வாகம் கரண்ட் பில்லைக் காட்டும். பதிலும் கரண்டிலேயே இருக்கிறது. விடுதியில் பழைய மின்விசிறி ஒன்று 75 வாட், இப்போது வரும், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் சொச்சம். 500 விசிறி, நாளுக்கு 15 மணி நேரம் என்று வைத்தால் தினமும் 330 யூனிட் மிச்சம். அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள், புளோயரை அதில் ஓட்டலாம். வீடியோ எடுத்து முதல் நாளே வெளியில் போட்டுவிடாதீர்கள், அன்றோடு கதவைச் சாத்திவிடுவார்கள். துறைப் பேராசிரியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கவே இருக்கிறது.

சேலையூர்ப் பக்கம்:
எல்லோரும் மரம் நடுவதை இப்படிக் கிண்டல் செய்தால் எப்படி? நான் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவன். 1937-இல் கல்லூரி அங்கே இடம் மாறியது, 365 ஏக்கர். இன்றைக்கு அங்கே இருக்கும் மரங்களில் பெரும்பங்கு, வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் எடுத்த அக்கறையால் வந்தது. வேதியியல்காரர், தாவரவியல் தானாகக் கற்றது. அவர்கள் ஒரு நாள் நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை, அங்கேயே குடியிருந்தார்கள். 300 கன்று வேண்டாம், 20 நடுங்கள், விடுமுறையிலும் வளாகத்தில் இருக்கும் காவலர், தோட்டக்காரர் பொறுப்பில் ஆளுக்கு ஐந்து. ஓடை ஓரம் மருதம், நாவல். மேட்டில் வேம்பு, புங்கன், இலுப்பை. சீக்கிரம் வளர்கிறதே என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள்.

மூன்றாம் மாடி:
பெண்கள் விடுதிப் பக்கம் யாரும் வரவே இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தளத்தில் ஒரே குப்பைத் தொட்டி, நாப்கின், நூடுல்ஸ் கவர், மீந்த சப்பாத்தி எல்லாம் அதில்தான். காலையில் வரும் அக்கா வெறும் கையால் பிரிப்பார். நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தனித் தொட்டியில் போடுவோம் என்று முடிவெடுத்தோம். பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் குளியலறையில் ஆணியில் மாட்டினோம். செலவு சுத்தமாக இல்லை. கையுறை வாங்கித் தரச் சொல்லி எழுதியும் கொடுத்தோம், அது இன்னும் வரவில்லை.

விடுதிவாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இன்டர்னல் தேர்வு.

தராசு வாங்கியாயிற்று. முதல் வாரச் சராசரி நாளுக்கு 128 கிலோ: தோல் 34, பரிமாறாதது 41, தட்டு 53. வார்டன் ஐயா, உங்கள் நோட்டை அப்படியே மாட்டினோம். முதல் வாரம் பாதிப் பேர் நடிகர் பெயரைத்தான் எழுதினார்கள். அறை எண் இல்லாவிட்டால் ஞாயிறு கோழி கிடையாது என்று மாஸ்டர் சும்மா ஒரு மிரட்டல் விட்டார், சரியாகிவிட்டது. இந்த வாரம் பரிமாறாதது 19-க்கு வந்துவிட்டது. தட்டு மட்டும் அசையவில்லை.

டிரம் பின்னாலேயே சைக்கிளில் போனேன். கண்மாய்க்கரை அண்ணன் சொன்னது அச்சு அசல், பன்றிதான். அவரிடம் பேசினேன், முதலில் டிரம்மை நிறுத்த வந்திருக்கிறேன் என்று நினைத்து முகம் கொடுக்கவே இல்லை. தட்டு மிச்சமும் சோறும் அவருக்கே, பிளாஸ்டிக் இல்லாமல். தோலும் சருகும் எங்கள் தொட்டிக்கு என்று முடிவு. தட்டு வழிக்கும் இடத்தில் வேளைக்கு ஒருவர் நிற்கிறோம். கப் போடுபவனைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை, பேசாமல் எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுக்கிறோம்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எழுத்தில் கேட்டோம், கோப்பு நகர்ந்திருக்கிறது என்றார்கள். ஜாடி சோதனை செய்தோம் ஒயர்மேன் அண்ணா, கறுப்பு, படியவே இல்லை. புளோயர் மீட்டரை ஏழு நாள் இடைவெளியில் இரண்டு படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் ஒரே எண்தான் இருக்கிறது. மீட்டரே பழுதாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், திங்கட்கிழமை பேராசிரியரைப் பார்க்கப் போகிறோம்.