பண்டி வத்தலுக்குள்ள கிடந்த சன்னம்

கொடிகாமத்தான்:
போன கிழமை முறிகண்டிப் பக்கத்திலயிருந்து தெரிஞ்ச ஒருத்தர் காட்டுப் பண்டி இறைச்சி வத்தல் குடுத்துவிட்டவர். சாப்பிட்டுக்கொண்டிருக்க மகளின்ர பல்லில ‘கடக்’ எண்டு ஒண்டு பட்டுது. துப்பிப் பாத்தா வேட்டைத் துவக்கின்ர ஈயச் சன்னம். அதை எறிஞ்சிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமோ? மனுசி சட்டியைத் தொட விடுறா இல்லை.

பனங்கொட்டை:
இதுக்கொரு விவாதமோ? பிரொயிலர் கோழிக்கு என்ன தீன் போடுறாங்கள் எண்டு கேக்காமல் கிழமையில மூண்டு நாள் தின்னுறம். பண்டி கிழங்கும் வேரும் திண்டு வளர்ந்தது. எங்கட அப்பு 86 வயது மட்டும் வேட்டை இறைச்சி விட்டதில்லை.

உப்புக்காத்து:
அண்ணை, பண்டி என்ன திண்டதெண்டு ஆர் கேட்டது? அதைக் கொண்டது என்ன எண்டதுதான் கதை. ஈயம் நஞ்சு. இளகின உலோகமெண்டபடியால் எலும்பில பட்டாச் சிதறும். பல்லில பட்டது பெரிய துண்டு, தூள் கண்ணுக்குத் தெரியாது. 2008இல அமெரிக்காவில, வடக்கு டகோட்டாவில, வேட்டைக்காரர் ஏழையளுக்கெண்டு குடுத்த அரைச்ச மான் இறைச்சியில ஈயத்தூள் கிடந்து, அதைக் குடுக்கவேண்டாம் எண்டு சுகாதாரத் திணைக்களமே சொன்னது.

பனங்கொட்டை:
அது றைபிள், தங்கச்சி. இஞ்ச இடியன், மருந்து இடிச்சு வெடிக்கிற நாட்டுத் துவக்கு. அவ்வளவு சிதறாது. காயத்தைச் சுத்தி ஒரு சாண் வெட்டி எறிஞ்சாச் சரி.

உப்புக்காத்து:
றைபிள் அளவுக்குச் சிதறாதெண்டது சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா கீலங்கீலமா வெட்டிக் காயவைச்ச வத்தலில காயம் எங்க எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? காயக் காய நிறை குறையும், ஈயம் குறையாது. அதோட நாங்கள் புளி விட்டெல்லோ கறி வைக்கிறது! புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். ஸ்பெயினில சன்னம் கிடந்த காடையை வினாகிரியில ஊறவைச்சுப் பாத்தவை, ஈயம் இறைச்சிக்குள்ள இறங்கிப்போச்சு. சன்னத்தைத் துப்பினா குழம்பையும் துப்பேலுமோ?

வயல்காரன்:
கிளிநொச்சியில எங்கட வயலை உழுறதே பண்டிதான், உழவு மெசினுக்குக் காசு மிச்சம். நான் பயப்படுறது ஈரலுக்கும் குண்டிக்காய்க்கும் (சிறுநீரகம்). பொஸ்பேட் பசளையோட கட்மியம் எண்ட நச்சு உலோகமும் மண்ணுக்கு வருது. பண்டி மண்ணையும் சேத்துக் கிண்டித் தின்னுற சாதி. கட்மியம் குண்டிக்காயில போய்க் குந்தினா லேசில வெளிய போகாது.

பனங்கொட்டை:
அப்ப அதே வயலில விளைஞ்ச அரிசி?

வயல்காரன்:
அதிலயும் இருக்கும்தான். சோத்தை விடேலாது, குண்டிக்காயை விடலாமெல்லோ.

பனங்கொட்டை:
ஆபத்தெண்டா உவங்கள் சட்டம் போட்டிருப்பாங்களே. ஐரோப்பாவில பண்ணைப் பண்டி இறைச்சிக்குக் கிலோவுக்கு 0.10 மில்லிகிராம் எண்டு ஈயத்துக்கு எல்லை இருக்கு. வேட்டை இறைச்சிக்கு இல்லை.

உப்புக்காத்து:
எல்லை இல்லை எண்டா ஈயம் இல்லை எண்டோ? டென்மார்க் 1996இலயே ஈயச் சன்னத்தைத் தடுத்திட்டுது. கொடிகாமத்தான் அண்ணை, பிள்ளைக்கு எத்தினை வயது?

கொடிகாமத்தான்:
ஏழு.

உப்புக்காத்து:
அப்ப குடுக்காதேங்கோ. சாப்பாட்டோட போற ஈயத்தில பெரியாக்களின்ர குடல் பத்தில ஒரு பங்கை இழுத்தா, சின்னனுகளின்ர பாதி வரைக்கும் இழுக்கும். ஒருக்காச் சாப்பிட்டதுக்குப் பதறவேண்டாம், இனிக் குடுக்காமல் விட்டாக் காணும்.

கொடிகாமத்தான்:
மனுசி வெண்டிட்டா. நாய்க்கு வைக்கலாமோ?

உப்புக்காத்து:
நாய் என்ன பாவம் செய்தது?

பனங்கொட்டை:
கொட்டிப்போடாதேங்கோ. பின்னேர பஸ்ஸில வாறன்.