கிரைம்ஸ் கிரேவ்ஸ் சுரங்கங்களில் கிடைத்தவை படையலா, விட்டுப்போன பொருளா?

செங்காந்தள்:
இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இருக்கும் கிரைம்ஸ் கிரேவ்ஸ் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கி.மு. 2600 வாக்கில் சிக்கிமுக்கிக் கல்லுக்காகத் தோண்டத் தொடங்கிய குழிகள், நானூறுக்கும் மேல். சிலவற்றின் ஆழம் 13 மீட்டர் வரை. அடியில் கிடந்த மான்கொம்புக் குந்தாலிகளைப் படையல் என்கிறார்கள். வேலை முடிந்ததும் போட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்களா?

குன்றன்:
பெரும்பாலான கொம்புகள் அப்படி விட்டுப்போனவையாகவே இருக்கலாம். அதை ஒத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் 1870 வாக்கில் பாதிரியார் கிரீன்வெல் தோண்டிய குழியைப் பாருங்கள். அங்கே இரண்டு குந்தாலிகளோடு ஃபாலரோப் என்ற நீர்ப்பறவையின் மண்டையோடு கிடந்தது. இங்கிலாந்தில் அரிதாகத் தென்படும் பறவை அது. சுண்ணப்பாறைக்குள் அத்தனை ஆழத்துக்கு அதன் தலை தானாக வந்திருக்க வழியில்லை, யாரோ கொண்டுபோயிருக்க வேண்டும். பொருள் என்ன என்பதோடு, எதோடு சேர்ந்து, எந்த இடத்தில், எப்படிக் கிடந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அதே குழியில் மெருகேற்றிய கல் கோடரி ஒன்றும் கிடைத்தது. இதைப் பலர் அவசரமாகப் படையல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சுரங்கச் சுவரில் கோடரி வெட்டிய தடங்களை கிரீன்வெல்லே குறித்திருக்கிறார். அதாவது வேலை செய்த கருவி. சில குந்தாலிகளில் ஒட்டியிருந்த சுண்ணத்தில் பிடித்தவரின் விரல் பதிவுகூட இருந்தது! அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தாழி:
1939-இல் 15-ஆம் குழியில் கிடைத்த பெண் சிலையை விட்டுவிட்டீர்களே? கொம்புகளுக்கு நடுவே, பீடம் மாதிரி ஒன்றோடு கிடைத்ததாமே. அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

குன்றன்:
தெரிந்தேதான் விட்டேன், தாழி. அது பிற்காலத்தில் யாரோ செதுக்கி வைத்த போலி என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. அதன்மேல் வாதத்தைக் கட்டினால் மொத்தமும் சரிந்துவிடும்.

எனக்கு இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது. கீழே இறங்கும்போதே மேலடுக்குகளில் சிக்கிமுக்கிக் கல் தட்டுப்படும். அவற்றைத் தாண்டி, அடியடுக்கின் கரிய, பெரிய கல்லுக்காகத்தான் அவ்வளவு பாடு. தரம் உயர்ந்தது என்பது உண்மை. ஆனால் சாதாரணக் கோடரிக்கு மேலே கிடைப்பதே போதும். ஆழத்திலிருந்து வந்த கல் என்பதற்கே அவர்களிடம் ஒரு மதிப்பு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் தோண்டுவது தனி, சடங்கு தனி என்று பிரிக்கத் தேவையே இல்லை.

செங்காந்தள்:
சரி, புரிகிறது. அப்போ கொம்பு எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தைக் குழி வரைபடத்தில் குறித்துப் பார்க்கிறேன்.