பழைய டிராக்டர்: பெட்ரோல் இன்ஜினா, டீசல் இன்ஜினா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

துருப்பிடித்த போல்ட்:
மாஸி பெர்குசன் 135 டிராக்டர் எல்லோருக்கும் தெரியும், அதனால் வண்டியைப் பற்றி விளக்கப் போவதில்லை. ஒரே கொட்டகையில் இரண்டு நின்றன, ஒன்றில் பெர்கின்ஸ் கம்பெனியின் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், இன்னொன்றில் கான்டினென்டல் கம்பெனியின் பெட்ரோல் இன்ஜின். நான் டீசலுக்காகத்தான் போனேன். போய்ச் சேரும்போதே அது ஓடிக்கொண்டிருந்தது. அருமையான சத்தம், ஆனால் நான் வருவதற்கு முன்பே ஏன் ஓட்டி வைத்திருக்கிறார் என்று ஓர் உறுத்தல். நிறுத்தச் சொல்லி, ஆறட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். விற்பவர் என்னென்னவோ பேசிப் பார்த்தார், நான் எழுந்திருக்கவில்லை. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு செல்ஃப் அடித்தார். சுற்றுகிறது, சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவே இல்லை. அப்போது பேச்சை நிறுத்தாமலே சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டப்பாவை, அதுதான் கிளம்ப மறுக்கும் இன்ஜினின் காற்றுக் குழாயில் அடிக்கும் மருந்து, எடுத்தார் பாருங்கள், தேடக்கூட இல்லை, கை நேராக அங்கே போனது. பெட்ரோல் வண்டியை வாங்கி வந்துவிட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்த டீசலில் வெறும் ஹீட்டர் (குளிரில் கிளப்ப உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவது) கோளாறா, இல்லை இன்ஜினே தேய்ந்துவிட்டதா என்பது இன்னும் மனதை அரிக்கிறது.

கலப்பை முனை:
பெட்ரோல் எடுத்ததுதான் சரி. என்னிடம் இருப்பது போர்டு 8என் டிராக்டர். 1947 முதல் 1952 வரை வந்தது, கம்பெனியிலிருந்து டீசலே கிடையாது, அதனால் எனக்கு இந்தத் தலைவலியும் கிடையாது. ஒருநாள் மேடேறும்போது இருமி இருமி நின்றுவிட்டது. கார்புரேட்டரின் அடிப்பாகத்தைக் கழற்றினால் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி படிந்திருக்கிறது, பழைய பெட்ரோல் நின்று காய்ந்த படிவு, பெட்ரோல் போகும் சின்னத் துளையான மெயின் ஜெட்டில் கடுகைவிடச் சின்னதாக ஒரு துருத்துணுக்கு. துடைத்தேன், ஊதினேன், மாட்டினேன், ஓடியது. இரண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர். டீசல் பம்பை இப்படி வரப்பில் உட்கார்ந்து பிரிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கருப்புப் புகை:
வரப்பில் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு பெருமையாக எழுதுவதை இப்போதுதான் பார்க்கிறேன் அண்ணே. டீசலுக்குப் பொறி தட்டும் சாமான் எதுவும் இல்லை, பிளக் இல்லை, பாயிண்ட் இல்லை, கண்டன்சர் இல்லை, காயில் இல்லை. ஈரத்தில் நின்றாலும் கவலை இல்லை. நல்ல டீசலை ஊற்றி பில்டரை நேரத்துக்கு மாற்றினால் அந்தப் பம்பை நீங்கள் தொடவே வேண்டாம்.

முதல் பதிவு போட்டவருக்கும் ஒரு வார்த்தை. சூடாக்கிக் காட்டுவது விற்பவரின் வேலை, டீசலின் குற்றம் அல்ல. பழைய பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது, 6 அல்லது 7க்கு 1தான் இருக்கும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் பிளக் பொறி தட்டுவதால் எப்படியோ கிளம்பிவிடும். டீசலில் 16க்கு மேல். காற்றை அழுத்தியே டீசல் பற்றும் அளவுக்குச் சூடாக்க வேண்டும், ரிங்கோ வால்வோ தேய்ந்தால் அந்தச் சூடு வராது, உடனே தெரிந்துவிடும். டீசல் தன் நோயை மறைக்காது. நீங்கள் வாங்கிய பெட்ரோலின் கம்ப்ரஷனை அளந்து பார்த்தீர்களா?

என் கதை சின்னது. ஒரே காட்டில் என் டீசலும் பக்கத்துக்காரர் பெட்ரோலும் ரோட்டவேட்டர் ஓட்டின. மதியத்தில் அவர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார், என் டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. அவர் என் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், நம்பாமல்.

ஏர்லாக்:
தொடவே வேண்டாமாம். டீசல் தீரும் வரை ஓட்டிவிட்டு அதன் பிறகு ஏர் எடுத்து, அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இருட்டுகிற நேரம், நான் தனியாள். டீசல் ஊற்றியாகிவிட்டது, பில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தியாகிவிட்டது, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப்பின் கை லீவரை அடிக்கிறேன், அடிக்கிறேன், லொடலொடவென்று ஆடுகிறதே தவிர ஒரு சொட்டு ஏறவில்லை. பம்ப் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம்தான் போனில் ஒரு மெக்கானிக் சொன்னார், இன்ஜினுக்குள் சுற்றும் கேம்ஷாப்ட் தண்டு பம்ப்பைத் தள்ளிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் கை லீவருக்கு ஸ்ட்ரோக் கிடைக்காது, இன்ஜினை அரைச் சுற்று திருப்புங்கள் என்று. திருப்பினேன். லீவர் கையில் கனமானது. அந்தக் கனத்தை என்னால் மறக்க முடியவில்லை, குமிழி குமிழியாக வந்து அப்புறம் சுத்தமான டீசல் வழிந்தது.

இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்ற கோபம்தான் எனக்கு இன்னும்.

பழைய கிரீஸ் கன்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தப்பான கேள்வியோடு வருகிறீர்கள். பெட்ரோலா டீசலா என்பதைவிட அந்த வண்டி வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்று பாருங்கள். டீசலில் காற்றை அடைக்கும் திராட்டில் தகடு கிடையாது, டீசல் அளவு மட்டும்தான் கூடிக்குறையும், அதனால் அரை லோடிலும் கால் லோடிலும்கூட அது கம்மியாகக் குடிக்கும். பெட்ரோல் அப்படி அல்ல, மூச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஓடும். அதோடு ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கு மேல் சக்தி கூடுதல். நாள் முழுக்க உழவு என்றால் பேச்சே வேண்டாம், டீசல்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து, கொஞ்சம் புல் வெட்டி, நாலு கட்டையை இழுத்துவிட்டு நிறுத்தும் ஆளுக்கு அந்த மிச்சம் எங்கே சேரும்? ஒரு தடவை பம்பும் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலும் சர்வீஸுக்குப் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

டீசல் பார்க்கப் போனால் முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு குறியைத் தாண்டி ஏறியிருந்தால் லிஃப்ட் பம்ப் உள்ளே இருக்கும் டயாபிரம் சவ்வு கிழிந்து டீசல் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா பாருங்கள். பேட்டரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அந்தக் கம்ப்ரஷனைச் சுற்ற நல்ல பேட்டரி வேண்டும், தடிமனான கேபிள் வேண்டும். பெட்ரோல் என்றால் டேங்க் உள்ளே டார்ச் அடித்துத் துரு பாருங்கள், பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் பைப்புகள் இளகிவிடும், மாற்றிவிடுங்கள், சில மாதம் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். அப்புறம் அந்த ஸ்பிரே. ஹீட்டர் காயில் சூடாக இருக்கும்போது அதை அடித்தால் காற்று போகும் இன்டேக்கிலேயே வெடிக்கும். என் கண்முன்னே ஒருவர் புருவம் கருகியது. என் அனுபவம் அவ்வளவுதான்.

கலப்பை முனை:
சரி, அந்தப் புருவக் கதையை மட்டும் பாதியில் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள்.

கருப்புப் புகை தம்பிக்கு: டீசல் என்றால் எல்லாம் ஒன்றா? மாஸி 35இல் முதலில் வந்த நாலு சிலிண்டர் 23சி ஸ்டாண்டர்டு டீசலைக் குளிரில் கிளப்பிப் பார்த்தவரிடம் போய் இந்தப் பேச்சைப் பேசுங்கள். அது பிடிக்காமல்தான் 1959இல் கம்பெனியே பெர்கின்ஸ் மூன்று சிலிண்டருக்கு மாறியது.

கருப்புப் புகை:
மாறிய பிறகும் டீசலுக்குத்தானே மாறினார்கள், பெட்ரோலுக்கு இல்லையே.

நிறுத்து லீவர்:
டயாபிரம் என்று மேலே பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்கு நடந்தது அதேதான். ஆயிலில் டீசல் கலந்து அளவு ஏறி, ஒரு கட்டத்தில் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரைக் குறைத்தேன், வேகம் கூடுகிறது. பம்பை அடைத்து இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் குமிழை இழுத்தேன், முழுக்க வெளியே வந்துவிட்டது, இன்ஜின் இன்னும் ஏறுகிறது. அந்தக் குமிழ் கையில் இருக்க, சத்தம் மட்டும் மேலே போகும் அந்த நொடி இருக்கிறதே. பம்பை அடைத்து என்ன பயன், அது குடிப்பது பம்ப் தரும் டீசலை அல்ல. டிரெய்லரில் கிடந்த பலகையை எடுத்து ஏர் குழாய் வாயில் வைத்து அழுத்தினேன், திணறி நின்றது. பெட்ரோலில் சாவியைத் திருப்பினால் பொறி நின்றுவிடும், கதை முடிந்தது. இருந்தும் இப்போதும் என்னிடம் இருப்பது டீசல்தான், உழவு அப்படி.

துருப்பிடித்த போல்ட்:
ஏர் குழாயை அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கழற்றினீர்கள்? என்னுடையதில் கிளிப் இறுகிக் கிடக்கிறது.

நிறுத்து லீவர்:
கழற்றவில்லை. பானெட்டுக்கு மேலே நீட்டியிருக்கும் குழாய், உச்சியில் தூசித் தொப்பி மட்டும். அதைத் தட்டிவிட்டுப் பலகையை வைத்தேன். கையை வைத்துவிடாதீர்கள், இழுத்துக்கொள்ளும்.